குழந்தையின் வக்கீலாக வேண்டும்: எங்கிருந்து தொடங்குவது?

கடைசி_வருஷம்:

எல்லோருக்கும் வணக்கம். சட்டப் படிப்பில் கடைசி வருடம். குழந்தைகள் தரப்பில் நின்று வாதாட வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. வீட்டில் சொன்னால், "உனக்குக் குழந்தைகள் என்றால் உயிராச்சே" என்று சந்தோஷப்படுகிறார்கள். கல்லூரியில் சொன்னால், "அது என்ன தனித் துறையா? குடும்ப வழக்கு நடத்து, கூடவே அதுவும் வரும்" என்கிறார்கள். இரண்டு பதிலும் எனக்கு ஒட்டவில்லை.

போன மாதம் மாதிரி நீதிமன்றப் போட்டி ஒன்று. பெற்றோர் பிரிந்த வழக்கு. ஒன்பது வயதுப் பையனின் வக்கீல் நான். அப்பாவின் வக்கீல் பேசினார், அம்மாவின் வக்கீல் பேசினார். அப்புறம் நான் எழுந்து, அம்மா தரப்பு சொன்னதையே கொஞ்சம் மென்மையான குரலில் சொல்லிவிட்டு உட்காரப் போனேன். நடுவர் கேட்டார்: "சரி, பையன் என்ன சொல்கிறான்?" இருபது பக்கக் குறிப்பைப் புரட்டினேன். பையன் வாயிலிருந்து வந்த வார்த்தை ஒன்றுகூட அதில் இல்லை. தோற்றதை மறந்துவிட்டேன், அந்தக் கேள்விதான் போக மாட்டேன் என்கிறது.

இந்த வேலையில் இருப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அன்றாடம் என்னதான் செய்கிறீர்கள்? இப்போதே எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்? இதை வைத்துப் பிழைக்க முடியுமா?

பழைய_கேஸ்கட்டு:

அந்த நடுவருக்கு என் கும்பிடு. இருபத்திரண்டு வருடமாக இதுதான் என் பிழைப்பு, தங்கச்சி. நல்ல நீதிபதிகள் முதலில் கேட்பது அதைத்தான். பாதி வக்கீல்கள் திணறுவதும் அங்கேதான்.

தனித் துறையா என்றால், சட்டப் புத்தகத்தை வைத்துப் பார்த்தால் ஒரே துறை கிடையாது. அடி, பட்டினி, புறக்கணிப்பு என்று பெற்றோரிடமிருந்து பிரித்து வைக்கப்பட்ட குழந்தையின் பராமரிப்பு வழக்கு ஒன்று. கஸ்டடி வழக்கு இன்னொன்று. குற்றம் சாட்டப்பட்ட சிறுவன், குற்றத்துக்கு ஆளான சிறுமி, பெரியவர் துணையில்லாமல் எல்லை தாண்டி வந்த அகதிக் குழந்தை, பள்ளியில் இடம் மறுக்கப்பட்ட மாற்றுத்திறனாளிக் குழந்தை, பெற்றோர் இறந்த பிறகு சொத்தைச் சொந்தக்காரர்கள் சுருட்டப் பார்க்கும் குழந்தை. அப்பாவோ அம்மாவோ சொல்லாமல் வேறு நாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனால் 1980ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை வரும். ஒவ்வொன்றுக்கும் சட்டம் வேறு, நீதிமன்றம் வேறு. கட்சிக்காரர் மட்டும் ஒரே மாதிரி: வக்கீலைத் தேடி வர முடியாதவர், ஃபீஸ் கொடுக்க முடியாதவர், பிடிக்கவில்லை என்றால் வேறு வக்கீலிடம் போகத் தெரியாதவர்.

உன் போட்டியில் நடந்தது நிஜத்தில் நடந்து ஒரு குழந்தை செத்திருக்கிறது. இங்கிலாந்தில் மரியா கோல்வெல். சொந்தக்காரர் குடும்பத்தில் வளர்ந்த பெண் குழந்தை. தாய் திரும்பக் கேட்டார், உள்ளூர் நிர்வாகமும் எதிர்க்கவில்லை, நீதிமன்றம் 1971இல் ஒத்துக்கொண்டது. குழந்தைக்குப் போக இஷ்டமில்லை. ஆனால் இரண்டு தரப்பும் ஒத்துப்போன வழக்கில் அதை எழுந்து சொல்ல அந்த அறையில் ஆளே இல்லை. 1973 ஜனவரியில் மாற்றாந்தந்தை அடித்துக் கொன்றான். வயது ஏழு. விசாரணைக் குழு அறிக்கை வந்து, 1975இல் சட்டம் மாறி, இப்படிப்பட்ட வழக்குகளில் குழந்தைக்குத் தனியாக ஒரு பிரதிநிதி வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. குடும்ப வழக்கோடு "கூடவே வரும்" என்று உன் கல்லூரியில் சொல்பவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்.

அன்றாட வேலை என்றால், வாதாடுவது அதில் சின்னப் பங்கு. பள்ளிக்குப் போவது, விடுதிக்குப் போவது, மருத்துவ அறிக்கைக்கு அலைவது, சமூகப் பணியாளர் போனை எடுக்கும் வரை விடாமல் அடிப்பது, வாய்தா போட்டால் அதைக் குழந்தைக்குப் புரியும்படி சொல்வது. இந்தக் கடைசி விஷயத்தில் நான் பட்ட அடி இன்னும் வலிக்கிறது. முதல் வருடம், எட்டு வயதுச் சிறுமி. கோர்ட் வராந்தாவில் அழுதுகொண்டிருந்தாள். "எல்லாம் சரியாயிடும்மா, இன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாம்" என்று சொல்லிவிட்டேன். அன்று வழக்கு எடுக்கப்படவே இல்லை, ஆறு வாரம் தள்ளிப்போனது. அடுத்த முறை பார்க்கப் போனபோது சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். நாலு மாதம் என்னிடம் பேசவில்லை. அதிலிருந்து இரண்டே வாக்குதான் கொடுப்பேன். அடுத்து என்றைக்கு வருவேன் என்பது ஒன்று. நீ சொல்லச் சொன்னதை நீதிபதியிடம் சொல்வேன் என்பது இன்னொன்று. முதல் வாக்கைக் காப்பாற்ற எத்தனை கல்யாணத்துக்குப் போகாமல் இருந்திருக்கிறேன் என்பது தனிக் கதை.

சும்மா_ஒரு_கேள்வி:

நான் வக்கீல் இல்லை. கஸ்டடி வழக்கில் மாட்டிக்கொண்ட அப்பா. எங்கள் வழக்கிலும் குழந்தையின் வக்கீல் என்று ஒருவர் வந்தார். மகளிடம் பத்து நிமிடம் பேசினார், "அம்மாவோடு இருக்க விரும்புகிறது" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ஆறு வயதுக் குழந்தைக்கு என்ன தெரியும்? யார் செல்போன் கொடுக்கிறார்களோ அந்தப் பக்கம் சாயும். நேற்று ஒன்று சொல்லும், இன்று ஒன்று சொல்லும். குழந்தை சொல்வதையே ஒப்பிப்பதற்கு ஒரு வக்கீல் எதற்கு, டேப் ரிக்கார்டர் போதாதா?

கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. மன்னியுங்கள்.

பழைய_கேஸ்கட்டு:

கோபம் நியாயமானது, சார். பத்து நிமிடத்தில் ஒரு குழந்தையின் பெயரைத் தவிர வேறு எதுவும் தெரிந்துகொள்ள முடியாது. "அம்மாவோடு இருக்கணும்" என்று சொன்னால் அதற்கடுத்து, "அப்பா வீட்டில் எது பிடிக்கும், எது பிடிக்காது, அங்கே ராத்திரி எப்படி இருக்கும்" என்று நாலு தடவை, நாலு வேறு இடத்தில் கேட்டிருக்க வேண்டும்.

ஆனால் நீங்கள் கேட்டது இந்தத் தொழிலின் பெரிய சண்டை. இரண்டு வகை வக்கீல்கள் இருக்கிறார்கள். ஒருவர், குழந்தைக்கு எது நல்லது என்று தானே ஆராய்ந்து அதை நீதிமன்றத்தில் சொல்பவர். கார்டியன் ஆட் லைட்டம் என்பார்கள், வழக்கு முடியும் வரை காப்பாளர். அமெரிக்காவில் 1974இல் வந்த சட்டம், வன்கொடுமை, புறக்கணிப்பு வழக்குகளில் ஒவ்வொரு குழந்தைக்கும் அப்படி ஒருவரை நியமிக்கச் சொன்னது. அவர் வக்கீலாகத்தான் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. இன்னொருவர், பெரியவர்களுக்கு வக்கீல் எப்படியோ அப்படியே குழந்தைக்கும்: கட்சிக்காரர் என்ன கேட்கிறாரோ அதற்காக வாதாடுபவர். இங்கிலாந்தில் 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பராமரிப்பு வழக்குகளில் இரண்டையும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள். காப்பாளர் ஒருவர், வக்கீல் ஒருவர். விவரம் புரிகிற குழந்தை காப்பாளர் சொல்வதற்கு நேர்மாறாகச் சொன்னால், வக்கீல் குழந்தையின் பக்கம் போய்விடுவார், காப்பாளர் தன் கருத்தைத் தனியாகச் சொல்லிக்கொள்வார். எனக்குத் தெரிந்து இதைவிட நேர்மையான ஏற்பாடு இல்லை. செலவு பிடித்த ஏற்பாடு என்பதும் உண்மை.

நான் இரண்டாவது கட்சி. ஏன் என்றால், தீர்ப்பு எழுதுவது என் வேலை இல்லை. அதற்கு ஒருவர் மேலே உட்கார்ந்திருக்கிறார். 1989 நவம்பர் 20 அன்று ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவும் அதைத்தான் சொல்கிறது. கருத்து உருவாக்கிக்கொள்ள முடிகிற குழந்தைக்குத் தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் அதைச் சொல்ல உரிமை உண்டு, வயதுக்கும் பக்குவத்துக்கும் தக்க எடை கொடுக்க வேண்டும். எடை கொடுப்பது நீதிபதி. தராசில் வைக்கவே ஆள் இல்லை என்றால் அவர் எதை எடை போடுவார்? இன்னொன்று, பக்குவம் என்பது பிறந்த தேதியில் இல்லை. 1985இல் கில்லிக் வழக்கில் இங்கிலாந்தின் உச்ச மன்றமாக அப்போதிருந்த பிரபுக்கள் சபை, போதிய புரிதல் இருந்தால் பதினாறு வயதுக்குக் கீழே உள்ளவரும் தன் மருத்துவச் சிகிச்சைக்குத் தானே சம்மதிக்கலாம் என்றது. அந்த ஒரு தீர்ப்பு எத்தனையோ நாடுகளில் எத்தனையோ வக்கீல்களுக்குக் கை கொடுத்திருக்கிறது.

டேப் ரிக்கார்டர் கேள்விக்கு: டேப் ரிக்கார்டர் எதிர்க்கேள்வி கேட்காது. "இப்படிக் கேட்டால் நீதிபதி இன்னதுதான் யோசிப்பார், உன் தங்கையைப் பார்ப்பது குறையும், பரவாயில்லையா?" என்று கட்சிக்காரரிடம் சொல்லிப் பார்ப்பதுதான் வக்கீலின் பாதி வேலை. குழந்தைகள் அதைக் கேட்டுப் பல தடவை மனதை மாற்றிக்கொள்வார்கள். பெரியவர்களைவிடச் சீக்கிரம்.

நூறு_வாய்தா:

அக்கா சொன்னதற்கு ஒரு வால். நான் சிறார் நீதிமன்றப் பக்கம், அதாவது குற்றம் சாட்டப்பட்ட பசங்களுக்கு ஆஜராகிறவன். "குழந்தைக்கு நல்லது செய்கிறோம்" என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குக் காது கூசும். காரணம் இருக்கிறது.

உலகின் முதல் சிறார் நீதிமன்றம் 1899இல் சிகாகோவில் தொடங்கியது. நல்ல எண்ணம்தான்: பசங்களைப் பெரிய குற்றவாளிகளோடு சேர்க்காதே, நீதிபதி ஒரு தகப்பன் மாதிரி நடந்துகொள்ளட்டும். தகப்பனோடு பேச வக்கீல் எதற்கு? அதனால் வக்கீல் இல்லை, குறுக்கு விசாரணை இல்லை, பதிவும் இல்லை. அறுபத்தைந்து வருடம் கழித்து அரிசோனாவில் ஜெரால்ட் கால்ட் என்ற பதினைந்து வயதுப் பையன். பக்கத்தில் குடியிருந்த பெண்ணுக்குப் போன் போட்டு அசிங்கமாகப் பேசினான் என்று புகார். அப்பா அம்மா வேலைக்குப் போயிருந்தபோது பிடித்துக்கொண்டு போனார்கள், வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. புகார் கொடுத்தவர் விசாரணைக்கு வரவே இல்லை. வக்கீல் கிடையாது. தீர்ப்பு: இருபத்தொரு வயது வரை சீர்திருத்தப் பள்ளி. ஆறு வருடம். அதே குற்றத்தைப் பெரியவர் ஒருவர் செய்திருந்தால் அதிகபட்சம் ஐம்பது டாலர் அபராதம், இல்லை என்றால் இரண்டு மாதம் உள்ளே. 1967இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்து, இப்படிச் சுதந்திரம் பறிபோகக்கூடிய வழக்கில் பிள்ளைக்கும் வக்கீல் உண்டு, வாய் திறக்காமல் இருக்கும் உரிமையும் உண்டு என்றது.

அந்த நீதிபதி ஒன்றும் ராட்சசன் இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன். பையனுக்கு நல்லது செய்கிறோம் என்று மனதார நம்பியிருப்பார். அதனால்தான் சொல்கிறேன், "நல்லது" என்று சொல்லும் ஆட்கள் அறையில் ஏற்கெனவே நாலு பேர் இருப்பார்கள். பையன் பக்கம் நிற்க ஒருவராவது வேண்டாமா?

கடைசி_வருஷத்துக்கு நடைமுறைப் பாடம் ஒன்று. பையனை அழைத்து வருவது அப்பா, ஃபீஸ் கொடுப்பது அப்பா, பேசுவதும் அப்பா. "ஒத்துக்கச் சொல்லுங்க சார், அப்பதான் புத்தி வரும்" என்பார். கட்சிக்காரர் யார் என்று அங்கேயே முடிவு செய்ய வேண்டும். நான் முதல் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவேன்: "சார், நீங்க கொஞ்சம் வெளியே இருங்க. இவன்தான் என் கட்சிக்காரன்." சில அப்பாக்கள் ஃபீஸைத் திருப்பி வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். கதவு சாத்தியதும் பையனின் தோள் இரண்டு அங்குலம் கீழே இறங்கும். அதைப் பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

சாயங்காலப்_பேருந்து:

நான் இந்தப் பேச்சின் அந்தப் பக்கம் இருந்தவன். பத்து வயதில் என்னையும் ஐந்து வயதுத் தம்பியையும் வீட்டிலிருந்து எடுத்தார்கள். எடுத்தது சரி, அதில் எனக்குப் புகார் இல்லை.

எனக்கு ஒரு வக்கீல் இருந்தார் என்பதே பதினெட்டு வயதில் என் கோப்பை வாங்கிப் படித்தபோதுதான் தெரிந்தது. அந்தப் பெயரைப் பார்த்ததும் முகம் ஞாபகம் வந்தது. ஒரு நாள் வந்தார், பள்ளி எப்படிப் போகிறது, என்ன பாடம் பிடிக்கும் என்று கேட்டார். கணக்கு என்றேன். "வெரி குட்" என்றார். பரீட்சைக்கு மார்க் போட வந்தவர் என்று நினைத்துக்கொண்டேன்.

யாராவது கேட்டிருந்தால் ஒன்றுதான் சொல்லியிருப்பேன்: எங்கே வேண்டுமானாலும் அனுப்புங்கள், இரண்டு பேரையும் சேர்த்து அனுப்புங்கள். யாரும் கேட்கவில்லை. முடிவையும் யாரும் சொல்லவில்லை. சாயங்காலம் இரண்டு வண்டி வந்தது. தம்பி ஏறிய வண்டி சந்திப்பில் இடது பக்கம் திரும்பியது, நான் இருந்த வண்டி நேராகப் போனது. அப்போதுதான் புரிந்தது. ராத்திரி பையைத் திறந்தால் அவன் செருப்பில் ஒன்று என் துணிக்கு நடுவில் கிடந்தது. அவசரத்தில் யாரோ திணித்திருக்கிறார்கள். ஒற்றைச் செருப்போடு அவன் எப்படி நடப்பான் என்றே அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

கோப்பில் என் வக்கீல் எழுதியது: "சிறுவன் புதிய ஏற்பாட்டுக்கு எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை."

கடைசி_வருஷம்:

அண்ணா, என்ன எழுதுவது என்று தெரியவில்லை. தம்பி?

சாயங்காலப்_பேருந்து:

இருக்கிறான்மா. ஏழு வருடம் கழித்துச் சேர்ந்தோம். இப்போது என்னைவிட உயரம். செருப்பைக் கொடுத்தேன், சிரித்தான்.

பழைய_கேஸ்கட்டு:

தம்பி, எழுதியதற்கு நன்றி. "எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை" என்ற வரியை நானும் ஆரம்பத்தில் எழுதியிருக்கிறேன். இப்போது என் ஜூனியர்கள் யாராவது எழுதினால் பேப்பரைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

நிறக்குச்சி:

வக்கீல்களோடு பதினைந்து வருடமாக வேலை செய்யும் குழந்தை உளவியலாளர் நான். "வெரி குட்" என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. சட்டக் கல்லூரி சொல்லித்தராத பாடம் இது: குழந்தையிடம் எப்படிக் கேட்பது.

குறுக்கு விசாரணைக்குப் பழகிய வக்கீலுக்கு வாயில் வருவது, "அப்பா உன்னை அடித்தார், அப்படித்தானே?" என்பதுதான். சின்னக் குழந்தை "ஆமாம்" என்று சொல்லிவிடும். பெரியவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது அதன் அனுபவம். அப்புறம், ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்டால் பதிலை மாற்றும். ஏனென்றால் வகுப்பில் டீச்சர் மறுபடி கேட்டால் முதல் பதில் தப்பு என்று அர்த்தம். "எத்தனை தடவை?" என்று கேட்டால் ஏதாவது ஒரு எண் வரும், அது வெறும் எண். "நேற்று" என்றால் ஐந்து வயதுக்கு முந்தின நாளாகவும் இருக்கலாம், போன வருடமாகவும் இருக்கலாம். "வீட்டில் நடந்ததா?" என்றால் "இல்லை" என்று சொல்லும், நடந்தது மாடியில் என்பதால்.

இதைச் சரியாகச் செய்ய வழிமுறை இருக்கிறது. அமெரிக்க தேசியக் குழந்தை நல ஆய்வு நிறுவன ஆய்வாளர்கள் 1990களில் ஒரு நேர்காணல் முறையை உருவாக்கினார்கள், பல நாடுகளில் புழங்குகிறது. அதன் உயிர் சின்ன வாக்கியத்தில் இருக்கிறது: "என்ன நடந்ததோ எல்லாவற்றையும் சொல்." அதற்கு முன்னால் கொஞ்சம் பழக்கம்: பிடித்த விஷயம் ஒன்றைப் பற்றிப் பேசவிட்டு, நீளமாகப் பதில் சொல்லப் பழக்குவது, "தெரியாவிட்டால் தெரியாது என்று சொல், நான் தப்பாகச் சொன்னால் திருத்து" என்று சொல்லிவைப்பது. ஏழு வயதுப் பையன் ஒருவனிடம், "உனக்கு எட்டு வயசுன்னு சொன்னா என்ன சொல்வே?" என்று சோதித்தேன். "நீங்க தப்பா எழுதிட்டீங்க, அழிச்சு எழுதுங்க" என்றான். அதன்பிறகு அவன் சொன்ன ஒவ்வொன்றையும் தைரியமாக நம்பினேன்.

ஐஸ்லாந்தில் 1998இல் தொடங்கிய பார்னஹுஸ் என்ற ஏற்பாடும் தெரிந்திருக்க வேண்டியது. "குழந்தைகள் வீடு" என்று பொருள். போலீசுக்கு ஒரு தடவை, டாக்டருக்கு ஒரு தடவை, கோர்ட்டுக்கு ஒரு தடவை என்று குழந்தையை அலைக்கழிக்காமல், ஒரு சாதாரண வீட்டில், பயிற்சி பெற்ற ஒருவர் கேட்பார். மற்றவர்கள் அடுத்த அறையில் திரையில் பார்ப்பார்கள். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான இந்தியாவின் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தில் வேறு வகைப் பாதுகாப்பு: இரு தரப்பு வக்கீலும் குழந்தையிடம் நேராகக் கேட்கக் கூடாது, கேள்வியை நீதிபதியிடம் தர வேண்டும், அவர்தான் குழந்தையிடம் கேட்பார். குழந்தைகளிடம் கேள்வி கேட்கும் வேலையை வக்கீல்களிடமிருந்து முடிந்தவரை பிடுங்கிவிட வேண்டும் என்பது என் கட்சி. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நூறு_வாய்தா:

கோபம் இல்லை, ஆனால் முழுக்க ஒத்துக்கொள்ளவும் முடியாது. என் பதினாறு வயதுக் கட்சிக்காரன் மீது ஏழு வயதுக் குழந்தை சாட்சி சொல்கிறது என்று வையுங்கள். இரண்டும் குழந்தைகள். என் பையன் செய்யவே இல்லை என்றால், கேள்வி கேட்காமல் அதை எப்படிக் காட்டுவது? கலிபோர்னியாவில் 1983இல் கிளம்பிய மெக்மார்ட்டின் மழலையர் பள்ளிப் பாலியல் வன்கொடுமை வழக்கை ஞாபகப்படுத்துகிறேன். நூற்றுக்கணக்கான குழந்தைகளைத் தூண்டித் தூண்டிக் கேட்டு வரவழைத்த பதில்கள். ஏழு வருடம் இழுத்து 1990இல் ஒரு தண்டனையும் இல்லாமல் முடிந்தது. அந்தக் கேள்விகளைக் கேட்டவர்கள் வக்கீல்கள் இல்லை, "நிபுணர்கள்".

நிறக்குச்சி:

அந்த வழக்குதான் எங்கள் துறைக்கே பாடம், மறுக்கவில்லை. மேலே சொன்ன முறையெல்லாம் அதற்கப்புறம் வந்தவைதான். சரி, இப்படிச் சொல்கிறேன்: யார் கேட்டாலும், கேட்கக் கற்றுக்கொண்டு கேட்கட்டும்.

நூறு_வாய்தா:

அதற்குக் கையெழுத்துப் போடுகிறேன்.

மணல்கடிகாரம்:

நடுவில் ஒரு கசப்பு மாத்திரை. பத்து வருடம் பராமரிப்பு வழக்குகள் நடத்திவிட்டு வெளியே வந்தவன் நான்.

கொடூரமான வழக்குகள்தான் ஆளைச் சாய்க்கும் என்று நினைப்பார்கள். என்னைச் சாய்த்தது எண்ணிக்கை. ஒரே நேரத்தில் நூற்றைம்பதுக்கு மேல் கோப்புகள். காலையில் கோர்ட் வாசலில் பெயர் கூப்பிடும்போது, அந்தப் பெயர் எந்த முகம் என்று தேடுவேன். ஒரு நாள் ஒரு சிறுமி ஓடி வந்து, "அங்கிள், நான் படம் வரைஞ்சு அனுப்பினேனே, பாத்தீங்களா?" என்றாள். பார்க்கவில்லை. "பார்த்தேன், ரொம்ப அழகு" என்றேன். "என்ன படம்?" என்றாள். அன்று சாயங்காலம் எல்லாக் கோப்பையும் கவிழ்த்துத் தேடினேன். வேறு குழந்தையின் கோப்பில் இருந்தது. ஒரு நாய், அதன் பக்கத்தில் வக்கீல் கோட்டு போட்ட ஒரு ஆள். அந்த வாரமே கோப்புகளைக் குறைக்கச் சொல்லி மேலே எழுதிக் கொடுத்தேன். நடக்கவில்லை. மூன்று மாதத்தில் விலகினேன்.

தூக்கம் போவது, சொந்தப் பிள்ளையைத் தேவையில்லாமல் கண்காணிப்பது, சிரிப்பு வற்றுவது, இவையெல்லாம் பலவீனம் இல்லை. இந்த வேலையின் தூசு. சுரங்கத்தில் வேலை செய்தால் நுரையீரலைப் பரிசோதிப்பது மாதிரி, முறையாக ஒருவரிடம் போய்ப் பேச வேண்டும், முதல் வருடத்திலிருந்தே. வேலையில் சேரும்போது சம்பளத்தோடு சேர்த்து இதையும் கேள்: ஒருவருக்கு எத்தனை கோப்பு?

கடைசி_வருஷம்:

முழுக்க விட்டுவிட்டீர்களா, சார்?

மணல்கடிகாரம்:

கோர்ட்டைத்தான் விட்டேன், குழந்தைகளை விடவில்லை. இப்போது சட்டத் திருத்தம், மனுக்கள், வரைவுகள். ஒருவருக்காக வாதாடுவதும் பத்தாயிரம் பேருக்காக ஒரு விதியை மாற்றுவதும் வேறு வேறு மனசுக்காரர்களின் வேலை. குழந்தைகளோ அவர்கள் சார்பில் மற்றவர்களோ தங்கள் நாட்டின் மீது ஐ.நா. குழந்தைகள் உரிமைக் குழுவிடமே முறையிடலாம் என்ற நெறிமுறை 2014இல் நடைமுறைக்கு வந்தது. அதை ஏற்றுக்கொண்ட நாடுகளுக்கு எதிராக மட்டும்தான். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் பதினாறு இளையவர்கள், சுத்தமான சூழலுக்கு மாநில அரசியலமைப்பு தரும் உரிமையை வைத்து அரசின் மீது வழக்குப் போட்டு 2023இல் ஜெயித்தார்கள். அடுத்த வருடம் மாநில உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. இதெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலை. படம் வரைந்து யாரும் அனுப்ப மாட்டார்கள். எனக்கு இது போதும்.

பழைய_கேஸ்கட்டு:

பணத்தைப் பற்றிக் கேட்டிருந்தாயே, யாரும் தொடவில்லை பார். கம்பெனி வக்கீலாகப் போகும் உன் தோழியின் சம்பளத்தோடு ஒப்பிடாதே, தூக்கம் வராது. சட்ட உதவி அமைப்பில் சம்பளத்துக்கு இருக்கலாம், தொண்டு நிறுவனத்தில் இருக்கலாம், நீதிமன்றம் நியமிக்கும் பட்டியலில் பெயர் கொடுத்து வழக்குக்கு இவ்வளவு என்று வாங்கலாம். இந்த மூன்றாவதில் பணம் தாமதமாகத்தான் வரும். நான் முதல் எட்டு வருடம் காலையில் குழந்தைகள் வழக்கு, சாயங்காலம் வாடகைப் பத்திரம், சொத்துப் பத்திரம் என்று ஓட்டினேன். அதில் கேவலம் எதுவும் இல்லை. பத்திரம் எழுதிய காசில்தான் விடுதிகளுக்குப் பஸ் ஏறினேன்.

இப்போதே செய்ய வேண்டியது: கல்லூரியில் சட்ட உதவி மையம் இருந்தால் அதில் உட்கார். குழந்தை வளர்ச்சி பற்றி ஒரு நல்ல பாடநூலை முழுக்கப் படி, எந்த வயதில் நேரம், எண், உறவு எல்லாம் எப்படிப் புரியும் என்று. உன் நாட்டில் குழந்தை உன்னிடம் சொல்லும் ரகசியத்துக்கு என்ன பாதுகாப்பு, எதையெல்லாம் நீ புகார் செய்தே ஆக வேண்டும் என்று முதல் குழந்தையைச் சந்திப்பதற்கு முன்பே தெரிந்துகொள். நாட்டுக்கு நாடு மாறும். குழந்தை எல்லாவற்றையும் சொன்ன பிறகு, "இதை நான் சொல்லியாகணும்" என்று நீ சொன்னால், அந்தக் குழந்தை இனி எந்தப் பெரியவரையும் நம்பாது. அப்புறம், சீனியர் யாராவது ஒருவரிடம் போய், பேசாமல் மூன்று வாரம் உட்கார்ந்து பார். குழந்தைகள் பிடிக்கும் என்பதெல்லாம் சரி. உட்காரப் பொறுமை இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்.

சும்மா_ஒரு_கேள்வி:

மகளுக்கு இப்போது எட்டு வயது. புது வாய்தா வருகிறது. வேறு வக்கீல் நியமித்திருக்கிறார்கள். போன வாரம் வந்தவர் இரண்டு மணி நேரம் மகளோடு மட்டும் இருந்தார், என்னிடம் பேசவே இல்லை. என்ன கேட்டார் என்று மகளிடம் கேட்டேன். "அது எனக்கும் அவங்களுக்கும்தான்" என்றாள். எனக்கு எரிச்சல்தான். ஆனாலும் இதை இங்கே எழுத வேண்டும் என்று தோன்றியது.

கடைசி_வருஷம்:

ஒரு மாதம் கழித்து வருகிறேன். அக்கா சொன்னபடி ஒரு சீனியரிடம் போய் உட்கார்ந்தேன். மூன்று வாரத்தில் கோர்ட்டில் அவர் பேசியதைக் கேட்டது மொத்தமே நாற்பது நிமிடம் இருக்கும். மீதியெல்லாம் பெஞ்சில் காத்திருந்தது, விடுதியில் காத்திருந்தது, போன் பண்ணியது.

கடைசி வாரம் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி. சீனியர் நாற்காலியை மேசைக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அரை மணி நேரம் அவள் பேசவே இல்லை, பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருந்தாள். இவரும் பேசவில்லை. எனக்குத்தான் வாய் துறுதுறு என்றது. அப்புறம் அவளே கேட்டாள்: "நீங்க யாரு பக்கம்?" "உன் பக்கம்." "நான் தப்பா கேட்டா?" "தப்புன்னு உன்கிட்ட சொல்வேன். நீ அப்பவும் அதான் வேணும்னா, அதைத்தான் ஜட்ஜ்கிட்ட சொல்வேன்." கொஞ்ச நேரம் யோசித்தாள். பேனா மூடியை மேசையில் வைத்தாள். பேச ஆரம்பித்தாள். நான் குறிப்பு எடுத்தேன்.

அங்கே ஒரு சந்தேகம். அவள் பேசியது கலைந்து கலைந்து வந்தது, பாதி வாக்கியம், சில இடங்களில் முன்னுக்குப் பின். நான் அதைச் சீராக்கி, நல்ல தமிழில், ஒழுங்காக ஒரு பக்கம் தட்டச்சு செய்து கொடுத்தேன். சீனியர் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். என்ன தப்பு?

பழைய_கேஸ்கட்டு:

அவள் சொன்ன வார்த்தை எது, உன் வார்த்தை எது என்று அந்தப் பக்கத்தைப் பார்த்து உன்னால் பிரிக்க முடியுமா? முடியாது இல்லையா. கையெழுத்துக் குறிப்பு இருக்கிறதா, கிழித்துப் போட்டுவிட்டாயா?

கடைசி_வருஷம்:

இருக்கிறது அக்கா. ஒரே கிறுக்கல்.

பழைய_கேஸ்கட்டு:

அதையே கொடு. நீ என்ன கேட்டாய், அவள் என்ன சொன்னாள், இரண்டையும் தனித்தனியாக எழுது. தேதி போடு, நேரம் போடு. பாதி வாக்கியம் என்றால் பாதியிலேயே நிறுத்து. பேசாமல் இருந்த அரை மணி நேரத்தையும் எழுது.